கோர்ட்டு முனி

உக்காருங்க சார். இந்தப் பெஞ்சுதான் ஆடாம இருக்கும், அந்தப் பெஞ்சு காலு ஒடைஞ்சது. பூசாரி பன்னெண்டு மணிக்குத்தான் நடை தெறப்பான். அதுவரைக்கும் வெயில்ல நின்னு என்ன பண்ணப் போறீங்க? ஒண்ணரைக்கு முன்னாடி உங்களுக்குத் திரும்பிப் போக பஸ்ஸும் கிடையாது. டீ சொல்றேன். நல்லா இருக்காது, ஆனா சூடா இருக்கும்.

வெளியூருன்னு பாத்தாலே தெரியுது. இந்தக் கோயிலப் பத்தி எதுலயோ படிச்சுட்டு வந்தீங்களா? அதான பாத்தேன். கும்பிட வந்தவரா இருந்தா கையில எலுமிச்சம்பழம் இருந்திருக்கும், உங்க கையில கேமராதான் இருக்குது. நல்லது. உங்கள மாதிரி ஆளுகிட்டதான் சார் நான் பேச முடியும். இங்க இருக்கற ஜனங்ககிட்ட பேசி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்.

நான் சிங்காரவேலு. போலீஸ்ல ரைட்டர். ஸ்டேஷன் ரைட்டர்னா தெரியுமில்ல? லத்தி புடிக்கறவன் இல்ல, பேனா புடிக்கறவன். புகார் வந்தா வாங்கறது, எழுதறது, ரிஜிஸ்டர்ல ஏத்தறது எல்லாம் நான்தான். முப்பத்தோரு வருஷம் பண்ணேன். ரிட்டயராயி நாலு மாசம் ஆவுது.

இந்தச் சாமிக்குப் பேரு வேலடி முனியப்பர். ஜனங்க கூப்புடறது கோர்ட்டு முனி. அங்க வாசல்ல தெரியுதே, ஒரு ஆள் ஒசரத்துக்கு மேல இரும்பு வேல், அதுல கொத்துக் கொத்தாத் தாளு தொங்குது பாருங்க, அதெல்லாம் பிராது. எவனுக்காவது அநியாயம் நடந்துச்சுன்னா தாள்ல எழுதி, மஞ்சக் கயித்துல அந்த வேல்ல கட்டிடறது. ஆடு காணோம்னு ஒருத்தன் கட்டுவான். வரப்ப நகத்திட்டான்னு ஒருத்தன் கட்டுவான். மருமவ பேச மாட்டேங்கறான்னு ஒருத்தி போன வாரம் கட்டியிருக்கா. சாமிக்கு வேற வேலை இல்ல பாருங்க.

வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பூசாரி பக்கிரி கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒண்ணொண்ணா சத்தமா படிப்பான். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன், எழுத்துக்கூட்டிப் படிப்பான். ஆறு மாசம் வாரா வாரம் படிக்கணும், அதுதான் மொறை. ஒவ்வொண்ணும் படிச்சு முடிச்சதும், “அறிஞ்சவங்க அறிஞ்சத சொல்லிடுங்க, அறிஞ்சு மறைச்சா முனியப்பன் உங்க வாசல்ல வந்து நிப்பான்”னு ஒரு அதட்டு. கட்டுனவங்கதான் அவுக்கணும். வேற ஒருத்தரும் தாளத் தொடக் கூடாது. காவலுக்கு ஆள் கிடையாது, பூட்டு கிடையாது. ஆனா எத்தனையோ வருஷமா ஒரு தாளு காணாமப் போனது இல்லேன்னு பெருமையாச் சொல்வான் பக்கிரி. எங்க ஸ்டேஷன்ல இரும்பு பீரோவுக்குள்ள வச்ச ஃபைலே காணாமப் போவும் சார். இங்க காத்துல தொங்கறது பத்திரமா இருக்குதாம்.

எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. எப்பவுமே கிடையாது. எம் பொண்டாட்டி குணவதிதான் முட்டி வலிக்கு வேண்டிக்கிட்டு வாரா வாரம் இங்க வருவா. முட்டி வலிக்கறவ மூணு மைல் நடந்து வந்து முட்டி வலி போவணும்னு கும்புடறா. நான் சிரிப்பேன். அவ பாட்டுக்கு எலுமிச்சம்பழத்தப் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பிடுவா. பால்காரன்கிட்ட ஒரு வார்த்தை அதிகமா பேசத் தெரியாது சார் அவளுக்கு. அப்படிப்பட்டவ.

இப்ப விஷயத்துக்கு வரேன். போன வருஷம் தை மாசம், கரும்பு வெட்டு நேரம். அய்யாக்கண்ணுன்னு ஒரு கூலி ஆளு, காலையில வேலைக்குப் போகும்போது கரும்பு ட்ராக்டர் மோதிச் செத்துட்டான். ட்ராக்டர் தெய்வசிகாமணியோடது. கரும்பு காண்ட்ராக்டர், நாலு கட்சியிலயும் ஆளு வச்சிருக்கறவரு. பொணத்த வாய்க்கால்ல தள்ளிட்டு, குடிச்சுட்டு விழுந்துட்டான்னு ட்ராக்டர்காரங்க கதை கட்டிட்டாங்க. அன்னிக்கே செத்தவன் பொண்டாட்டி அஞ்சலாட்சி ஸ்டேஷனுக்கு வந்துட்டா. கையில ஒரு தாளு. ஸ்கூலுக்குப் போற எவளோ எழுதிக் குடுத்தது, எழுத்து குண்டு குண்டா இருந்துச்சு. “என் வீட்டுக்காரருக்குக் குடலில் ஆபரேசன் ஆகி நாலு வருசம் ஆகிறது. அன்று முதல் அவர் சோடாகூடத் தொட மாட்டார். அவர் குடித்துவிட்டு விழுந்தார் என்பது பொய்.” இப்படி ஒரு பக்கம்.

இங்கதான் சார் ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. மேசைக்குத் தாளு வந்தா தேதி முத்திரை குத்தி, ஓரத்துல சுருக்குக் கையெழுத்துப் போடறது என் கைக்குப் பழக்கம். நான் படிக்கறதுக்கு முன்னாடி கை குத்திடும். குத்திட்டேன். அப்புறம்தான் இன்ஸ்பெக்டர் ஐயா உள்ள கூப்புட்டு, “அந்தப் பொம்பள தாளு எதுவும் நமக்கு வரல, புரியுதா?” ன்னாரு. புரியுதுங்கய்யான்னேன். வேற என்ன சொல்றது? குடிபோதையில் வாய்க்காலில் தவறி விழுந்துன்னு அழகா எழுதி முடிச்சேன். என் கையெழுத்துக்கு மாவட்டத்துலயே பேரு உண்டு.

பயந்துட்டீங்களான்னு கேக்காதீங்க. நான் யாருக்கும் பயந்தவன் இல்ல. மேலதிகாரி சொன்னா செய்யறதுக்குப் பேரு பயம் இல்ல, ஒழுங்கு.

அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டிருக்கலாம்தான். ஆனா ரைட்டர் தாளக் கிழிக்க மாட்டான் சார். அது என் கையில வராது. கிழிச்சத ஒட்ட முடியாது, இருக்கறத இல்லேன்னு எப்ப வேணா சொல்லிக்கலாம். அதனால பழைய தாளுங்களோட சேத்து வூட்டுக்குக் கொண்டுபோயி கட்டிலுக்குக் கீழ போட்டேன். அதோட மறந்தேபோச்சு.

அஞ்சலாட்சி மறக்கல. மாசம் ஒரு தரம் வந்துடுவா. “எம் புகாரு என்னாச்சுங்க?” ஒரே கேள்வி. “எந்தப் புகாரு? வந்ததா ரிஜிஸ்டர்ல இல்லையே”ன்னு நானும் ஒரே பதில். “உங்க கையிலதான குடுத்தேன்”னுவா. “என் கையில ஆயிரம் பேரு குடுப்பாங்க”ன்னுவேன். அழ மாட்டா, சண்டை போட மாட்டா. வேப்பமரத்தடியில சாயங்காலம் வரைக்கும் உக்காந்துட்டுப் போயிடுவா. எரிச்சலா இருக்கும் சார். அழுதாலாவது வெரட்டலாம்.

நான் ரிட்டயராவற வாரத்துல மறுபடி வந்தா. ஸ்டேஷனே கலகலப்பா இருந்துச்சு, எனக்கு மாலை வாங்கி வச்சிருந்தாங்க. நானும் நல்ல மனநிலையில இருந்தேனா, “இந்தாம்மா, மனுஷன் கோர்ட்டு உனக்குச் சரிப்பட்டு வராது. பேசாம கோர்ட்டு முனிகிட்டப் போயி பிராது கட்டு. வாய்தா கிடையாது, வக்கீலும் வேண்டாம்”னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு கான்ஸ்டபிளுக்கு டீ பொரையேறிடுச்சு. அவ சிரிக்கல. “சரிங்க”ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

போயி கட்டிட்டா சார். கேலின்னா என்னன்னு தெரியாத ஜென்மங்க. ஒருத்தன் வெளையாட்டுக்குச் சொன்னா அப்படியேவா செய்யறது?

அதே ஸ்கூல் பொண்ண வச்சு, அதே வார்த்தைய எழுத வச்சிருக்கா. ஸ்டேஷன்ல குடுத்ததுல ஒரு எழுத்து மாறல. கடைசியில ஒரு வரி மட்டும் புதுசு: “இந்தப் புகாரை வாங்கிக்கொண்டு, அப்படி ஒன்று வரவே இல்லை என்று சொன்ன ரைட்டர் சிங்காரவேலுவையும் சாமி கேட்க வேண்டும்.” இத வாரா வாரம் எரநூறு பேருக்கு முன்னாடி பக்கிரி கத்துவான். முப்பத்தோரு வருஷத்துல அடுத்தவன் பேரத்தான் சார் நான் சத்தமா படிச்சிருக்கேன். எம் பேர எவனும் படிச்சதில்ல.

குணவதி அதக் கேட்டிருக்கா. ஒரு வாரம், ரெண்டு வாரம், மூணு வாரம் கேட்டிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சோறு போட்டா, துணி தொவைச்சா, எல்லாம் நடந்துச்சு. நாலாவது வாரம் சனிக்கிழமை காலையில சமையக்கட்டுல டப்பா உருள்ற சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பாத்தா, அலமாரியில இருந்து மொளகாத்தூள் டப்பா, மல்லி டப்பா எல்லாத்தையும் கீழ எறக்கி வச்சுட்டு, அலமாரித் தட்டுல விரிச்சிருந்த தாளக் கையில எடுத்து ஜன்னலோரம் நின்னு படிக்கறா. இந்த வருஷப் பொங்கலுக்கு அலமாரி தொடைச்சப்ப கட்டிலுக்குக் கீழ இருந்த தாள எடுத்து விரிச்சிருக்கா. சோடாகூடத் தொட மாட்டாருன்னு அப்பவே ஒரு வரி கண்ணுல பட்டுச்சாம். கோயில்ல கேட்டதும் எங்கயோ படிச்ச மாதிரி இருக்கேன்னு மூணு வாரமா மண்டையக் கொடைஞ்சிருக்கா.

தட்டுல இட்லி வச்சுட்டு கேட்டா: “இது உங்க கையெழுத்துதான?”

“தாள எடுத்த எடத்துல வை”ன்னேன்.

“எங்க வைக்கட்டும்? மொளகாத்தூளுக்குக் கீழயா?”

என்கிட்ட அந்த மாதிரி அவ பேசுனதே கிடையாது. இருபத்தெட்டு வருஷத்துல கிடையாது. நான் இட்லிய அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். கோவம் காட்டுனா வழிக்கு வருவான்னு நெனச்சேன். சாயங்காலம் வந்து பாத்தா, கதவுல பூட்டு. சாவி பக்கத்து வூட்ல. அவ தங்கச்சி வூடு இந்தக் கோயிலுக்குப் பின்னாடிதான், அங்க வந்து உக்காந்துட்டா. அந்தத் தாளும் அவகூட வந்துடுச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை பக்கிரி வழக்கம்போலப் படிச்சுட்டு, அறிஞ்சவங்க சொல்லுங்கன்னு சொன்னானாம். எரநூறு பேருக்கு நடுவுல எம் பொண்டாட்டி எந்திரிச்சு நின்னாளாம். “நான் ரைட்டர் வூட்டுக்காரி. அந்தப் பொம்பள புகாரு குடுத்தது நெசம். முத்திரை குத்துன தாளு எங்க வூட்லயே இருந்துச்சு. இதோ இருக்குது”ன்னு சொல்லி, பொடவைத் தலைப்புல ஒரு துண்டு கிழிச்சு அதுலயே அந்தத் தாள வேல்ல கட்டிட்டாளாம். அஞ்சலாட்சி அவ காலப் புடிக்கப் போயி, இவ அவ காலப் புடிக்கப் போயி, பொம்பளைங்க எல்லாம் கொலவை போட்டு, பெரிய கூத்து. இது நியாயமா சார்? எங்கள மாதிரி முப்பது வருஷம் சட்டம் படிச்சவன் எழுதுனது பொய்யாம். ஒரு இரும்புக் கம்பிக்குப் பயந்து ஒரு பொம்பள ஒளர்றது நெசமாம்.

ஏன் இப்படிப் பண்ணேன்னு ஆளு விட்டுக் கேட்டேன். “முனியப்பன் வாசல்ல வந்து நின்னா நான் எந்த மொகத்த வச்சுக் கதவத் தெறப்பேன்?” ன்னு பதில் வந்துச்சு. பைத்தியம். நானே வாசல்ல நின்னுக்கிட்டு இருக்கேன், எனக்குக் கதவத் தெறக்க ஆளக் காணோம்.

அப்புறம் டவுன்லேர்ந்து ஒரு வக்கீல் பொண்ணு வந்துச்சு. கழுத்துல சிலுவை போட்ட பொண்ணு. அதுக்கு முனியும் இல்ல ஒண்ணும் இல்ல. தாளப் போட்டோ புடிச்சு கலெக்டருக்கு அனுப்பிடுச்சு. இப்ப ஆர்.டி.ஓ. விசாரணை போட்டிருக்காங்க, வர்ற திங்கக்கிழமை. போட்டோவ நான் பொய்யின்னு சொல்லிடுவேன், பிரச்சனை இல்ல. ஒரிஜினல் வந்தா என்ன சொல்றது? என் முத்திரை, என் சுருக்குக் கையெழுத்து. பென்ஷன் நின்னுபோவும். உள்ளயும் தள்ளுவாங்க. இன்ஸ்பெக்டர் ஐயா இப்ப டி.எஸ்.பி. ஆயிட்டாரு, என் போன எடுக்கறதில்ல.

வக்கீல் பொண்ணு அன்னிக்கே தாளக் கையோட கேட்டிருக்கு. குணவதி தரலயாம். “விசாரணை அன்னிக்குக் காலையில நானே அவுத்து நேரா எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்மா, இதவிடப் பத்திரமான எடம் ஏது”ன்னாளாம். சரின்னு சொல்லிட்டுப் போயிடுச்சு அந்தப் பொண்ணு. சட்டம் படிச்ச பொண்ணு சார். சாட்சித் தாள வெட்ட வெளியில தொங்க விட்டுட்டுப் போவுது.

நானும் சும்மா இருக்கல. தெய்வசிகாமணிகிட்ட போனேன். உங்க தலையும்தான் உருளும், ரெண்டு ஆள அனுப்பித் தாள எடுத்துடுங்கன்னேன். அந்த மனுஷன் மூஞ்சியப் பாக்கணுமே. “ரைட்டரே, போலீஸ்காரன் யாரையாவது அடிச்சுட்டு வரச் சொல்லுங்க, ஆளு இருக்கான். அந்த வேலத் தொட ஒரு பய வரமாட்டேங்கறான்”னாரு. முனிக்கு ஒரு கெடா வேற நேந்துவிட்டிருக்காரு. மனுஷனக் கொன்னவன் சாமிக்குக் கெடா வெட்டறான், அதையும் பக்கிரி வாங்கிக் கட்டி வச்சுக்கிட்டான். கேட்டா, “கெடா வேற, பிராது வேற”ங்கறான். இந்த லட்சணத்துல இருக்குது இவங்க பக்தி.

சரி, எவனையும் நம்பி ஆவாதுன்னு போன வெள்ளிக்கிழமை நானே கோயிலுக்குப் போனேன். பூசை முடிஞ்சு கூட்டம் கலைஞ்சுடுச்சு. வேலுக்குப் பக்கத்துல பக்கிரி தேங்கா பொறுக்கிக்கிட்டு இருந்தான். குணவதி தூணோரம் உக்காந்திருந்தா. நான் நேராப் போயி கைய நீட்டினேன். அந்த முடிச்சத் தொட்டுட்டேன் சார். பக்கிரி தடுப்பான்னு பாத்தேன். அவன், “எடுத்துக்குங்க ரைட்டரய்யா, இங்க யாரும் யாரையும் தடுக்கறதில்ல”ன்னு சொல்லிட்டுத் தேங்காயப் பொறுக்கறான்.

குணவதி எந்திரிச்சு பக்கத்துல வந்தா. கத்துவான்னு நெனச்சேன். கத்தல. மெதுவாத்தான் சொன்னா.

“எடுங்க. அது வெறும் இரும்புதான்னு இத்தினி வருஷமா சொல்றீங்க. வெறும் இரும்புலேர்ந்து ஒரு தாள எடுக்க என்ன இருக்குது? எடுத்துட்டு வாங்க, நானும் இப்பவே உங்ககூட வூட்டுக்கு வரேன். வந்து சமைச்சுப் போடறேன். இதப் பத்தி சாவற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சாமி மேல சத்தியமா சொல்றேன்.”

அவ சத்தியம் பண்ணா மீற மாட்டா சார். எனக்குத் தெரியும். தாளு என் கையில இருந்துச்சு. பென்ஷன் இருந்துச்சு. அவளும் பையத் தூக்கிக்கிட்டு நிக்கறா. மூணு மாசமா கடைச் சோறு தின்னு வயிறு புண்ணாப் போனவன் நான். அவ இல்லாத வூட்ல என்னால உக்கார முடியல சார், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. ஒரு இழு இழுத்தா எல்லாம் முடிஞ்சுபோவும்.

கை வரல.

அது சுகரு சார். ஆறு வருஷமா சுகர் இருக்குது எனக்கு, வெரலு மரத்துப்போவும். அன்னிக்கு மாத்திரை வேற போடல. வேர்த்துக் கொட்டிடுச்சு. முடிச்சும் எறுக்கமா போட்டிருந்தா. பொம்பளைங்க போடற முடிச்சு. அவ கொஞ்ச நேரம் என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் பையக் கீழ வச்சுட்டு, மறுபடி தூணோரம் போயி உக்காந்துட்டா. சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. பாவம்ங்கற மாதிரி பாத்தா. அவ என்னைப் பாவம்ங்கறா.

அதுக்குத்தான் சார் உங்ககிட்ட பேசணும்னேன். இன்னிக்கு விட்டா திங்கக்கிழமை வந்துடும். நீங்க வெளியூரு, படிச்சவரு, உங்களுக்கு இந்த முனி யாரோ. போட்டோ எடுக்கற மாதிரி கிட்டப் போங்க. மேலேருந்து மூணாவது தாளு. மத்ததெல்லாம் மஞ்சக் கயிறு, அது மட்டும் பச்சைத் துணி. முடிச்ச அவுக்க வேணாம், தாளப் புடிச்சு இழுத்தாலே வந்துடும். எடுத்து என்கிட்ட கொண்டாந்து குடுக்கவும் வேணாம். அது மட்டும் வேணாம். அப்படியே பின்னாடி கொளத்துல போட்டுட்டு, ஒண்ணரை பஸ்ஸுல ஏறிடுங்க. உங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பக்கிரிதான் சொன்னானே, யாரும் தடுக்கறதில்லேன்னு.

என்ன சார், எந்திரிச்சுட்டீங்க? டீ பாதி இருக்குது.

நானே எடுக்கலாமேங்கறீங்களா? அதான் சொன்னேனே சார், சுகருன்னு. உங்களுக்குமா சுகரு? இல்லல்ல? அப்புறம் என்ன? உங்களுக்கும் பயம், அதச் சொல்லுங்க. கண்ணாடி போட்டிருக்கீங்க, கேமரா வச்சிருக்கீங்க, உள்ளுக்குள்ள நீங்களும் அந்தப் பக்கிரியும் ஒண்ணுதான். போங்க, போயி எலுமிச்சம்பழம் வாங்கிக் கும்புடுங்க.

போன மாசம் ஒரு காலேஜ் வாத்தியார் வந்தாரு, கடவுளே இல்லேன்னு கூட்டம் போட்டுப் பேசறவரு. அவரும் இப்படித்தான் பாதி டீயோட எந்திரிச்சாரு. எல்லாம் பயந்தாங்கொள்ளிங்க. இத்தினி வாரமா இந்தப் பெஞ்சுல உக்காந்து பாக்கறேன், பயப்படாத ஆளு ஒருத்தன்கூட இந்த பஸ்ஸ விட்டு எறங்க மாட்டேங்கறான்.